முடி துறத்தல்

மதுரை மாநகரின் தென்மேற்கே, பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் நோக்கிச் செல்லும் சாலையோடு புறவழிச் சாலை வந்து கூடுமிடம் பழங்காநத்தம். தென்மாவட்டப் பேருந்துகள் ஒரு காலத்தில் இங்கிருந்தே புறப்பட்டன. 1999-ஆம் ஆண்டில் மாட்டுத்தாவணியில் புதிய நிலையம் திறக்கப்பட்டபின் அந்தக் கூட்டம் இடம் மாறிற்று. எனினும் இச்சாலைக்கு ஓய்வென்பது இன்றும் இல்லை. இதன் ஓரத்தில் சிறிது நேரம் நிற்பவர்கள் மழித்த தலைகள் சிலவற்றையேனும் காண்பார்கள். சந்தனம் பூசிய தலையென்றால், குன்றத்து முருகனுக்கு நேர்த்திக்கடன் செலுத்தித் திரும்பும் குடும்பம் என்று அறிகிறோம். சந்தனமின்றி, மீசையும் மழித்து, தோளில் வெள்ளைத் துண்டோடு ஒருவர் செல்வாரானால், தந்தையையோ தாயையோ இழந்த மகன் என்று அறிந்து வழிவிடுகிறோம். தலையைச் சேலைத் தலைப்பால் இறுக மூடி, எவரும் கண்டுகொள்ளாதிருக்க வேண்டுமே என்ற கவலையோடு ஒரு பெண் பேருந்தில் ஏறினால், அவர் வருவது மருத்துவமனையிலிருந்து என்று ஊகிக்கிறோம். ஊகித்தபின் பார்வையை வேறுபுறம் திருப்பிக்கொள்கிறோம்.

வேண்டுதல், துயரம், நோய் என்னும் இம்மூன்று காரணங்களையும் நம் மக்கள் நெடுங்காலமாக அறிவர். அண்மைக் காலத்தில் நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. புற்றுநோயால் இறந்த தாயின், கணவனின், குழந்தையின் நினைவாக ஒருவர் தம் தலையை மழித்துக்கொள்கிறார். அதற்கு முன்னரே உறவினரிடமும் நண்பரிடமும் சொல்லி, 'நான் முடியை இழக்கிறேன். நீங்கள் நோயாளிகளுக்காகப் பணம் கொடுங்கள்' என்று வேண்டுகிறார். திரண்ட தொகை மருத்துவமனைக்கோ ஆராய்ச்சிக்கோ செல்கிறது. முடி நீளமாக இருந்தால், சிகிச்சையால் கூந்தலை இழந்தவருக்குச் செயற்கைக் கூந்தல் செய்ய அதுவும் செல்கிறது.

இது மேனாட்டிலிருந்து வந்த புதுப்பழக்கம் என்பார் உண்டு. வேதத்தில் விலக்கப்பட்ட செயல் என்று தயங்குவாரும் உண்டு. இவ்விரு கூற்றிலும் ஓரளவு உண்மை இருப்பதால், இதன் வரலாற்றைச் சற்று ஆழமாகப் பார்ப்பது நமக்கு நன்மை பயக்கும்.

இறந்தோருக்கு உரியதன்று

துயரத்தில் முடி களைதல் விவிலிய மாந்தருக்கும் இயல்பாகவே இருந்தது. தம் மக்களனைவரும் மாண்ட செய்தி கேட்ட யோபு ஆடையைக் கிழித்து, தலையை மழித்து, தரையில் விழுந்து இறைவனைத் தொழுதார். அவரை எவரும் குறை கூறவில்லை. ஆமோஸ், மீக்கா, எரேமியா ஆகிய இறைவாக்கினர் நாட்டுக்கு வரவிருந்த அழிவைக் கூறும்போது, மழித்த தலையையே துயரத்தின் அடையாளமாகக் காட்டினர்.

ஆயினும் மோசேயின் சட்டம் இதற்கு எல்லை வகுத்தது. லேவியர் நூலின் 19-ஆம் அதிகாரம் தலைமுடியின் ஓரத்தையும் தாடியின் ஓரத்தையும் வெட்டலாகாது என்கிறது; அடுத்த வசனமே செத்தவருக்காக உடலைக் கீறிக்கொள்வதையும் தடுக்கிறது. இறந்தவருக்காக முன்தலையை மழிக்க வேண்டாம் என்று இணைச்சட்டம் 14-ஆம் அதிகாரம் தெளிவாகவே கூறுகிறது. சுற்றிலும் வாழ்ந்த மக்கள் தம் முடியையும் குருதியையும் இறந்தோரின் ஆவிகளுக்குப் படைத்ததே இத்தடைக்குக் காரணம் என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து.

இங்கே நாம் எளிதில் கடந்துவிடும் நுட்பம் ஒன்று இருக்கிறது. அதே 19-ஆம் அதிகாரம் சில வசனங்களுக்கு முன்னர், அறுவடையின்போது வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காதே, அதை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவை என்று கட்டளையிடுகிறது. வயலின் ஓரத்திற்கும் தலைமுடியின் ஓரத்திற்கும் எபிரேய மூலத்தில் இருப்பது 'பெயா' என்னும் ஒரே சொல்தான். இணைச்சட்டத்திலும் இவ்வாறே. இறந்தோருக்காக மழிக்காதே என்று தொடங்கும் 14-ஆம் அதிகாரம், மூன்றாம் ஆண்டின் பத்திலொரு பங்கை அந்நியரும் அனாதைகளும் கைம்பெண்களும் உண்டு நிறைவடையக் கொடுங்கள் என்று முடிகிறது. அந்தப் பங்கிலிருந்து இறந்தோருக்கு எதையும் படைக்கவில்லை என்று இஸ்ரயேலன் ஆண்டவர் முன்னிலையில் அறிக்கையிட வேண்டும் என்பதை 26-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

சட்டம் துயரத்தை வெறுக்கவில்லை. துயரத்தில் நாம் துறப்பது எதுவாயினும் அது கல்லறையோடு மறைந்துவிடலாகாது, உயிரோடு பசித்திருப்பவனிடம் போய்ச் சேர வேண்டும் என்பதே அதன் கவலை.

கத்தோலிக்கரான நமக்கு இதில் இன்னொரு சான்றும் உண்டு. போரில் மடிந்த தம் வீரர்களுக்காக யூதா மக்கபே 2,000 வெள்ளி திராக்மா திரட்டி எருசலேமுக்கு அனுப்பியதை மக்கபேயர் இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இறந்தோருக்காக மன்றாடுதல், திருப்பலி ஒப்புக்கொடுத்தல், அவர்கள் பெயரால் தருமம் செய்தல் ஆகிய மூன்றையும் திருச்சபை இன்றுவரை நமக்குப் பரிந்துரைக்கிறது. இறந்தவர் பெயரைச் சொல்லி உயிரோடிருப்பவரின் கையில் தருமத்தை வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று.

பவுல் கொடுத்த செலவு

விவிலியத்தில் முடி களைதலுக்குத் துயரம் மட்டுமே காரணமன்று, நேர்ச்சையும் காரணம். எண்ணிக்கை நூலின் 6-ஆம் அதிகாரம் நாசீர் நேர்ச்சையை விவரிக்கிறது. நேர்ச்சை செய்தவர் குறித்த நாள்வரை திராட்சை மதுவை விலக்குவார். தலையில் சவரக்கத்தி படவிடமாட்டார். நாள் நிறைவேறியதும் சந்திப்புக் கூடாரத்தின் வாயிலில் தலையை மழித்து, அந்த முடியை நல்லுறவுப் பலியின் கீழுள்ள நெருப்பில் இடுவார். பிள்ளை வரம் வேண்டிய அன்னா தம் மகன் சாமுவேலை இவ்வாறே சவரக்கத்தி படாதவனாக ஆண்டவருக்கு நேர்ந்தளித்தார்.

நேர்ச்சையை முடிப்பது எளிதாக இருக்கவில்லை. ஓர் ஆட்டுக்கிடாய், ஒரு பெண் ஆட்டுக்குட்டி, ஒரு செம்மறிக்கிடாய், ஒரு கூடை புளிப்பற்ற அப்பம், அவற்றோடு உணவுப் படையலும் நீர்மப் படையலும் வேண்டும். ஏழை நாசீருக்கு இது பெருஞ்சுமை. ஆகவே வசதியுள்ளவர் அச்செலவை ஏற்பது அறச்செயலாக மதிக்கப்பட்டது. முதலாம் ஏரோது அகிரிப்பா கி.பி. 41-ஆம் ஆண்டளவில் அரசனாக எருசலேமுக்கு வந்தபோது நாசீர் பலருடைய முடி களையும் சடங்குக்கு ஏற்பாடு செய்தான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியுள்ளார்.

திருத்தூதர் பவுல் இவ்வழக்கத்தை நன்கு அறிந்தவர். ஒரு நேர்ச்சையின் பொருட்டுக் கெங்கிரேயாத் துறைமுகத்தில் முடி வெட்டிக்கொண்டதைத் திருத்தூதர் பணிகள் 18-ஆம் அதிகாரம் குறிப்பிடுகிறது. அவர் கடைசியாக எருசலேமுக்கு வந்தபோது நடந்தது இன்னும் பெரிது. நேர்ச்சை செய்திருந்த நான்கு பேரைக் காட்டி, 'இவர்கள் முடி மழித்துக்கொள்வதற்கான செலவை நீர் ஏற்றுக்கொள்ளும்' என்னும் கருத்துப்பட யாக்கோபும் மூப்பரும் கேட்டனர். பவுல் மறுக்கவில்லை. அந்நால்வரோடு கோவிலுக்குள் சென்றார். ஏழு நாள் முடியும் தறுவாயில் அங்கேயே பிடிபட்டார். அதன்பின் அவர் சுமந்த விலங்கு செசரியா வழியாக உரோமை வரை அவரோடு சென்றது.

முடி மழிப்பவர் ஒருவர், அதன்பொருட்டுப் பணம் கொடுப்பவர் மற்றொருவர் என்னும் ஏற்பாடு ஆதித் திருச்சபையிலேயே இருந்ததை இதனால் அறிகிறோம். அன்று மழித்தவர் ஏழை. உதவி அவருக்கே கிட்டியது. இன்று மழிப்பவர் வேறு, உதவி பெறும் ஏழை வேறு. வேறுபாடு அவ்வளவே.

பிற்காலத் திருச்சபையிலும் மழித்த தலை துறவின் முத்திரையாயிற்று. குருநிலைக்குள் நுழைவோரின் முடியை ஆயர் வெட்டும் சடங்கு பல நூற்றாண்டுகள் நிலவியது. 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வெளியிட்ட ஆணையால் திருத்தந்தை ஆறாம் பவுல் அதனை நீக்கினார். அடுத்த ஆண்டு சனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 1212-ஆம் ஆண்டில் அசிசியின் செல்வக் குடும்பத்துப் பெண்ணான கிளாரா வீட்டைவிட்டு வந்தபோது, புனித பிரான்சிஸ் முதலில் செய்தது அவரது கூந்தலை வெட்டியதே. தமிழில் 'முடி' என்னும் சொல் மயிரையும் குறிக்கும், மகுடத்தையும் குறிக்கும். கிளாரா அன்று இரண்டையும் துறந்தார்.

மதுரையில் எழுந்த வழக்கு

தலைமுடியைப் பற்றி உரோமை வரை சென்ற பெரும் வழக்கு ஒன்று நம் மதுரையிலேயே எழுந்தது. 1606-ஆம் ஆண்டு இங்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, திருமுழுக்குப் பெற்றோர் தம் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் விட்டுவிட வேண்டியதில்லை என்றார். குடுமி ஒருவரது குலத்தையும் நிலையையும் காட்டும் சமூக வழக்கமேயன்றி வழிபாடன்று என்பது அவர் வாதம். அவருடன் இதே ஊரில் பணியாற்றிய மூத்த குரு கொன்சாலோ பெர்னாண்டஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார். கோவாவில் 1619-ஆம் ஆண்டு கூடிய மன்றத்திலும் நொபிலிக்கு எதிர்ப்பே மிகுந்திருந்தது. இறுதியில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் வெளியிட்ட ஆணையில், மூடநம்பிக்கை கலவாதிருக்குமாயின் இவ்வழக்கங்களைக் கைக்கொள்ளலாம் என்று இசைவளித்தார்.

அந்தத் தீர்ப்பின் சாரம் இன்றும் பயனுடையது. முடி வைத்திருப்பதிலோ களைவதிலோ தன்னளவில் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை; எந்நோக்கத்தோடு செய்கிறோம் என்பதே அதற்குப் பொருள் தருகிறது. அதே வேளை, அந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. குடுமியைக் காத்ததோடு குலவேற்றுமையும் திருச்சபைக்குள் காக்கப்பட்டது. அதன் வடு நம் பங்குகளில் இன்னும் ஆறவில்லை. குலப்பெருமை உடையோர் எளியோரை இகழலாகாது என்று அவ்வாணை வேண்டியதை நம் முன்னோர் போதிய அளவு செவிமடுக்கவில்லை. மழித்த தலையில் குடுமி இல்லை. குலம் காட்டும் அடையாளமும் இல்லை. இதை ஒரு படிப்பினையாகவே நாம் கொள்ளலாம்.

மதுரை மறைத்தளத்தின் மற்றொரு மாமனிதர் புனித அருளானந்தர். லிஸ்பனில் 1647-இல் பிறந்த அவர் சிறுவயதில் கடும் நோயுற்றபோது, பிழைத்தால் ஓராண்டு இயேசு சபை உடை அணிவிப்பதாக அவரது தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார், அவ்வாறே நிறைவேற்றினார். அச்சிறுவனே வளர்ந்து மறவநாடு வந்து, 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு மறைசாட்சியானார். அவர் குருதி சிந்திய அவ்வூரில் இன்று மக்கள், சமய வேறுபாடின்றி, தம் பிள்ளைகளுக்கு முடி இறக்குகின்றனர். வேளாங்கண்ணியிலும் இவ்வாறே. பழனிக்கும் திருப்பரங்குன்றத்திற்கும் செல்லும் அண்டை வீட்டாரின் வழக்கமும் நம்முடையதும் ஒரே மண்ணில் வேர்விட்டவை. நம் நேர்ச்சை முடி நன்றியின் அடையாளம். அது பெரும்பாலும் நம் பிள்ளை, நம் நோய், நம் குடும்பம் என்ற வட்டத்துக்குள் நிற்கிறது. அந்த வட்டத்தைச் சற்றே விரிப்பது இயலாத செயலன்று.

வலிந்து மழித்த தலைகள்

முடியைக் குறித்துப் பேசும்போது, விரும்பித் துறந்தோரை மட்டும் நினைப்பது நேர்மையாகாது. கணவனை இழந்த பெண்களின், சிறுமியரின்கூட, தலையை வலிந்து மழித்த கொடுமை நம் நாட்டின் சில சமூகங்களில் நெடுங்காலம் இருந்தது. அதுவும் 'நினைவு' என்ற பெயரால்தான் நடந்தது. சென்னையில் 1886-இல் பிறந்து, பிள்ளைப் பருவத்திலேயே கைம்பெண்ணான சுப்புலட்சுமியின் பெற்றோர் அக்கொடுமைக்கு இணங்காமல் மகளைப் படிக்க வைத்தனர். எழும்பூரில் கன்னியர் நடத்திய பள்ளியில் பயின்று, 1911-இல் பட்டம் பெற்று, இளங்கைம்பெண்களுக்கு இல்லமும் கல்வியும் தந்த அவரை மக்கள் 'சகோதரி சுப்புலட்சுமி' என்றே அழைத்தனர். கன்னியரின் தொண்டு தம் உள்ளத்தில் பதிந்ததன் அடையாளமே அப்பெயர்.

ஐரோப்பாவில் இருபதாம் நூற்றாண்டு கண்ட கொடுமை இன்னும் பெரிது. ஆஷ்விட்ஸ் வதைமுகாம் 1945 சனவரியில் விடுவிக்கப்பட்டபோது, அங்கே சிறைப்பட்டவர்களிடமிருந்து வெட்டிய முடி ஏறத்தாழ 7,000 கிலோ, விற்பனைக்காக மூட்டை கட்டப்பட்டுக் கிடந்தது. புனித மாக்சிமிலியன் கோல்பேயும் புனித எடித் ஸ்டைனும் உயிர்நீத்த முகாம் அது. மனிதரின் பெயரையும் மதிப்பையும் அழிக்க விரும்பியோர் அவர்தம் முடியிலிருந்தே தொடங்கினர்.

ஆகவே ஒரு செய்தி உறுதி. தலையை மழித்தல் அன்பாவதும் வன்முறையாவதும் ஒருவரது விடுதலையான உள்ளத்தைப் பொறுத்தது. தாய் இறந்தாள் என்பதற்காக மகளையோ, தந்தை இறந்தார் என்பதற்காகச் சிறுவனையோ ஊரார் வற்புறுத்துவது தகாது; தரும நோக்கத்தைக் காட்டியும் வற்புறுத்தலாகாது.

நோயாளியின் தலை

புற்றுநோய்க்குத் தரப்படும் கீமோதெரபி மருந்துகள் விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குகின்றன. புற்றணுக்கள் விரைந்து பெருகுபவை. மயிர்க்கால்களில் உள்ள உயிரணுக்களும் அவ்வாறே பெருகுவதால் அவையும் தாக்குண்கின்றன. சிகிச்சை தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் முடி கொத்துக்கொத்தாக உதிர்கிறது. சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடுகிறது. எனினும் இடைப்பட்ட காலம் கொடியது. முடி உதிர்ந்த நாள்தான் நோயை ஊரார் அறியும் நாள். தலையில் பூச்சூடும் நம் பெண்களுக்கு அது இரண்டாவது நோய். திருமண வீட்டிற்குச் செல்லாமலும், ஞாயிறு திருப்பலிக்கு வராமலும் வீட்டுக்குள் ஒடுங்கிவிடுவோர் பலர்.

துயரம் அறமாக மாறியதற்குத் தமிழகத்தில் ஒரு பெரும் எடுத்துக்காட்டு உண்டு. புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ஆம் ஆண்டு புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பை முத்துலட்சுமி மறக்கவில்லை. பல ஆண்டுகள் நிதி திரட்டி, எதிர்ப்புகளைத் தாங்கி, 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். தொடக்கத்தில் அங்கிருந்தவை 12 படுக்கைகளே. அவருடைய மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் பணியில் சேர்ந்து 2021-இல் மறையும்வரை அங்கேயே தொண்டாற்றிய மருத்துவர் சாந்தாவும் அதை நாடறிந்த நிறுவனமாக வளர்த்தனர். தங்கையின் மறைவுக்கும் மருத்துவமனையின் பிறப்புக்கும் இடையே முப்பத்தோர் ஆண்டுகள். நினைவு உண்மையானதாயின் எத்துணைக் காலம் உழைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தலை மழித்து நிதி திரட்டும் இயக்கங்கள் இதே உணர்வின் எளிய வடிவம். ஆஸ்திரேலியாவில் இரத்தப் புற்றுநோயாளர் அறக்கட்டளை ஒன்று 1998 முதல் ஆண்டுதோறும் இதனை நடத்துகிறது. நியூயார்க்கில் 2000-ஆம் ஆண்டு புனித பேட்ரிக் திருநாளன்று நண்பர் மூவர், 17 பேர் தலை மழித்து ஆளுக்கு 1,000 டாலர் திரட்டுவது என்று குழந்தைகளின் புற்றுநோய் ஆய்வுக்காகத் தொடங்கினர். 17,000 எதிர்பார்த்த இடத்தில் 1,04,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. மொட்டைத் தலையையும் புனிதர் பெயரையும் இணைத்து 'புனித பால்ட்ரிக்' என்று தங்கள் அமைப்புக்கு வேடிக்கையாகப் பெயர் வைத்துக்கொண்டனர். நம் புனிதர் பட்டியலில் தேடினால் அப்படியொருவர் கிடைக்கமாட்டார்!

தமிழர் பெருமளவில் வாழும் சிங்கப்பூரில் குழந்தைகள் புற்றுநோய் அறக்கட்டளை 2003 முதல் இத்தகைய இயக்கத்தை நடத்திவருகிறது. அங்கே 2013-இல் நிகழ்ந்த ஒன்று சிந்திக்கத்தக்கது. பெண்கள் பள்ளியொன்றின் மாணவியர் மூவர் நோயுற்ற குழந்தைகளுக்காகத் தலை மழித்து வந்தபோது, செயற்கைக் கூந்தல் அணிந்தே வகுப்புக்கு வரவேண்டும் என்று பள்ளி கூறியது. ஊரெங்கும் விவாதம் எழுந்தது. பின்னர் பள்ளி தன் நிலையைத் தளர்த்தியது. மழித்த தலை வெட்கத்துக்குரியதன்று என்று காட்டவே அச்சிறுமியர் முடி துறந்தனர். அதை மறைக்கச் சொன்னால் அவர்கள் செய்ததன் பொருளே மறைந்துவிடும். நம் அண்டை மாநிலத்தின் திருச்சூர் மாவட்டத்தில் 2019-இல் ஒரு பெண் காவலர், நோயால் முடியிழந்த பள்ளிச் சிறுவனைக் கண்டு மனமிரங்கி, தம் நீண்ட கூந்தல் முழுவதையும் மழித்து நோயாளிகளுக்கு அளித்தார். காவல் சீருடையில் மொட்டைத் தலையோடு அவர் தம் பணியைத் தொடர்ந்தார்.

மறைவாய்ச் செய்யும் அறம்

இங்கே ஒரு தடை எழுகிறது. தருமம் செய்யும்போது எக்காளம் ஊதாதே என்றும், நோன்பிருக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசிப் பிறர் அறியாதவாறு நடந்துகொள் என்றும் நம் ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பித்தார். ஊரறியத் தலையை மழித்து, அதைச் சொல்லிப் பணம் கேட்பது இப்போதனைக்கு முரண் அல்லவா?

இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. படம் பிடித்து, சுவரொட்டி ஒட்டி, மாலையிட்டு மேடையேற்றினால் அது எக்காளமே. அதற்கு முடியை வைத்திருப்பது மேல். ஆனால் மழித்த தலை காட்டுவது நம் நற்குணத்தை என்றால்தான் அது குற்றம். நோயாளியின் தலையைப் போல நம் தலையும் ஆகி, அவரோடு ஒரே வரிசையில் நின்றால் அது துணை நிற்றல். திருமண வீட்டில் தாம் ஒருவரே மொட்டைத் தலையோடு இருக்கவேண்டியதில்லை என்று அறியும் பெண்ணுக்கு, அருகில் அமர்ந்த மைத்துனியின் மழித்த தலை எத்தனை பெரிய ஆறுதல்! அங்கே சொல்லுக்கு வேலை இல்லை.

செயலளவில் சிலவற்றை மனத்தில் கொள்ளலாம். செயற்கைக் கூந்தலுக்குப் பொதுவாக ஓரடி அளவு நீளமுள்ள முடி வேண்டும். ஒரு கூந்தலுக்குப் பலருடைய முடி தேவை. ஆகவே ஆண்களின் குறுமுடி அதற்குப் பயன்படாது. அவர்கள் துறக்கும் முடியோடு பணமும் சேர்ந்தால்தான் பயன் விளையும். கூந்தல் அளிக்க விரும்பும் பெண்கள், அதைப் பெற்றுப் பயன்படுத்தும் மருத்துவமனையை முன்னரே கேட்டறிந்து, அவர்கள் சொல்லும் முறைப்படி வெட்டி அனுப்ப வேண்டும். ஏழை நோயாளிக்குச் செயற்கைக் கூந்தலைவிட முதலில் வேண்டியவையும் உண்டு. பாலரெங்கபுரத்தில் உள்ள அரசுப் புற்றுநோய்ப் பிரிவுக்கு வெளியூர்களிலிருந்து வருவோருக்குப் பேருந்துக் கட்டணமும், உடனிருப்போருக்கு ஒருவேளை உணவும், தங்க ஓரிடமும் தேவை. இரத்தம் கொடுக்க ஆள் தேவை.

முடி களையும் கரத்தையும் மறந்துவிடலாகாது. தமிழ்நாட்டில் அறநிலையத் துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்கான கட்டணம் 2021-இல் நீக்கப்பட்டது. முன்னோர் பிறப்பிலும் இறப்பிலும் வீட்டுக்கு அழைத்து, பந்தியில் மட்டும் விலக்கி வைத்த முடிதிருத்தும் தொழிலாளருக்கு நாம் பட்ட கடன் பெரிது. நினைவு நாளன்று அவருக்கு முழுக் கூலியும், குடும்பத்தாரோடு சம இருக்கையில் உணவும் தருவது அந்த அறத்தின் முதற்படி.

நம் ஊரில் மரணம் நிகழ்ந்தால் 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டிகள் பழங்காநத்தம் முதல் பெரியார் நிலையம் வரை சுவர்களை மறைக்கின்றன. முப்பதாம் நாள் விருந்துக்குக் கடன் வாங்குவோரும் உளர். இச்செலவில் ஒரு பாதியையேனும், இறந்தவர் படுத்திருந்த அதே நோய்க்கட்டிலில் இன்று படுத்திருக்கும் முகமறியாத ஒருவருக்கு ஒதுக்கினால், நம் துயரம் வயலின் ஓரத்தைப் போல ஏழைக்குரியதாகும். அதன் அடையாளமாகத் தலையை மழிப்பது அவரவர் விருப்பம். மழிக்காதவரின் அன்பு குறைந்ததன்று.

தலைமுடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இறந்தவரின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு நாம் கூடும்போது, மழித்த தலையில் நான்கு விரற்கடைக்கு மேல் முடி வளர்ந்திருக்கும். துயரத்தின் வெளி அடையாளம் அதற்குள் மறைந்துவிட்டிருக்கும். அந்த ஓராண்டில், இறந்தவர் பெயரால் சிகிச்சை பெற்று, தம் தலையிலும் முடி அரும்பக் கண்ட ஒருவர் எங்கேனும் இருப்பாராயின், அன்று நாம் செலுத்தும் நன்றிப்பலியில் அவரும் பங்கு பெறுகிறார். நம்மை அவர் அறியமாட்டார். நாமும் அவரை அறிய வேண்டியதில்லை.